கர்ப்பத்தில் ஆஸ்பிரின் போடலாமா?

கேள்வி: இப்போது 13 வாரம். முதல் பிரசவத்தில் ப்ரீஎக்லாம்ப்சியா (கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறும் நோய்) வந்து 34 வாரத்திலேயே குழந்தையை எடுத்துவிட்டார்கள், அதனால் டாக்டர் தினமும் இரவு 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் போடச் சொல்கிறார். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு பயந்து உட்கார்ந்திருக்கிறேன். இதற்கு ஆதாரம் உண்டா?

பதில் 1: நல்ல ஆதாரமே உண்டு. லண்டன் ஆய்வாளர் கிப்ரோஸ் நிகோலாய்ட்ஸ் குழுவின் ஆய்வு, 2017. ஆபத்து அதிகமுள்ள 1,776 பெண்களில் ஒரு பாதிக்கு இதே அளவு ஆஸ்பிரின், மறுபாதிக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. 37 வாரத்துக்கு முன் ப்ரீஎக்லாம்ப்சியா வந்தது வெறும் மாத்திரைக்காரர்களில் 4.3 சதவீதம், ஆஸ்பிரின் போட்டவர்களில் 1.6.

பதில் 2: 16 வாரத்துக்கு முன்பே தொடங்குவது முக்கியம், தள்ளிப்போடாதீர்கள். அப்புறம், மாத்திரை போட்டாலும் விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தால் உடனே ஓடுங்கள். வெறும் தலைவலிதானே என்று நான் இரண்டு நாள் படுத்தே கிடந்தேன், போய்ப் பார்த்தால் ரத்த அழுத்தம் 170/110.

கேட்டவர்: சரி, இன்றிரவே போடுகிறேன்.