வெளியே சொல்லாத கண்ட்ரி ரசிகர்கள்: மாட்டிக்கொண்ட கதைகள்

ப்ளேனோ, டெக்சஸ்

வீட்டில் ராஜா, விருந்தாளி வந்தால் ரஹ்மான், காரில் தனியாகப் போகும்போது மட்டும் கண்ட்ரி, அதாவது அமெரிக்கத் தெற்கின் கிராமிய இசை. என்னைப் போல இன்னும் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று பார்க்கத்தான் இந்த இழை. யாரிடம், எப்படி மாட்டிக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள். "ஹாஸ்டலில் ஜான் டென்வர் பாடினேன்" என்பதெல்லாம் கணக்கில் வராது. இன்ஜினியரிங் காலேஜ் வாசலை மிதித்த எல்லாரும் அதைப் பாடியவர்கள்தான். (மேற்கு வர்ஜீனியாவைப் புகழும் "டேக் மீ ஹோம், கண்ட்ரி ரோட்ஸ்" என்ற அந்தப் பாட்டு, மேரிலாந்தில் ஒரு சாலையில் போகும்போது தோன்றியதாம். இருந்தாலும் 2014-ல் மேற்கு வர்ஜீனியா அதைத் தன் மாநிலப் பாடல்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. தாராள மனசு!)

ஏன் மறைக்கிறேன்? நம்ம ஆட்களிடம் சொன்னால், "என்னடா, தொப்பி வாங்கிட்டியா, குதிரை எங்கே?" என்பார்கள். அது பரவாயில்லை. ஆபீசில் சொன்னால் ஒரு நொடி புருவம் உயரும், அப்புறம் ஒரு சிரிப்பு. 'இவனுக்கு எதுக்கு இது' என்பது அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும். அதுதான் எனக்கு உறுத்தும்.

நான் மாட்டியது ஒரு பொங்கல் விழாவில். நாற்காலி அடுக்கும் நேரத்தில் ஏதாவது பாட்டு ஓடட்டும் என்று என் போனை ஸ்பீக்கரில் இணைத்தார்கள். இரண்டு கிராமத்துப் பாட்டு ஒழுங்காகப் போனது. மூன்றாவதாக வந்தது கண்ட்ரி பாடகர் ஜார்ஜ் ஜோன்ஸ். அரங்கில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஓடிப் போய் நிறுத்துவதற்குள், வேட்டி கட்டிய ஒரு பெரியவர் பந்தி வரிசையிலிருந்து எழுந்து வந்தார். "நிறுத்தாதீங்க தம்பி, கடைசிச் சரணம் வரட்டும்" என்றார்.

எண்பதுகளில் ஓக்லஹோமாவுக்கு எம்.எஸ். படிக்க வந்தவர். இரவில் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை. அந்தச் சமையலறை ரேடியோவில் வேறு எதுவும் ஓடாதாம். ஆங்கிலம் காதில் ஏறியதே இந்தப் பாட்டுகளில்தான் என்றார். வகுப்பில் பேராசிரியர் சொல்வது புரியாது, ஆனால் ஜோன்ஸ் பாடினால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழும்.

அந்தப் பாட்டு 1980-ல் வந்தது. சாகும்வரை உன்னை நேசிப்பேன் என்று சொன்ன ஒருவன், அவள் பிரிந்து போன பின்னும் பழைய கடிதங்களை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறான். ஒருநாள் நேசிப்பதை நிறுத்திவிடுகிறான். ஏன் நிறுத்தினான் என்பது பாடலின் பிற்பகுதியில்தான் தெரியும்: அன்றைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இவ்வளவு சோகப் பாட்டை யார் வாங்குவார்கள் என்று ஜோன்ஸே சலித்துக்கொண்டாராம். கடைசியில் அதற்கு 1980, 1981 என்று தொடர்ந்து இரண்டு வருடம் சிறந்த பாடலுக்கான சி.எம்.ஏ. (கண்ட்ரி மியூசிக் அசோசியேஷன்) விருது கிடைத்தது. என்னைக் கண்ட்ரியில் பிடித்துவைத்திருப்பது இதுதான். மெட்டு எளிது, மூன்று நான்கு கிட்டார் கார்டுகளில் (chords) முடிந்துவிடும். ஆனால் மூன்று நிமிடத்துக்குள் ஒரு முழுக் கதை இருக்கும், அதன் முடிச்சைக் கடைசிவரை அவிழ்க்க மாட்டார்கள்.

பொன்மலை, திருச்சி

எனக்கு இது தாத்தா வழி வந்தது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். எங்கள் லைனில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் உண்டு. டிசம்பர் பிறந்தால் பக்கத்து வீட்டில் கண்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸின் கிறிஸ்துமஸ் பாட்டுகள் ஆரம்பித்துவிடும். நாங்கள் மார்கழித் திருப்பாவை முடித்து வரும்போது சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பாடிக்கொண்டிருப்பார்.

சென்னைக் கல்லூரியில் என் அறைத்தோழிகள் எல்லாம் மெட்டாலிகா கூட்டம். ரீவ்ஸ் என்று சொன்னால் "கிழவன் பாட்டு" என்று முடித்துவிடுவார்கள் என்று பயந்து ஹெட்போனோடு நிறுத்திக்கொண்டேன்.

மாட்டியது வேலைக்கு வந்த பிறகு. மாத முடிவு, கணக்கு முடிக்கிற ராத்திரி, அலுவலகத்தில் என் மேலாளரும் நானும்தான். என்னை அறியாமல் முணுமுணுத்திருக்கிறேன் போல. யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத மனுஷன், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே அடுத்த வரியைப் பாடினார். பெரம்பூர்க்காரர். அவர் வீட்டிலும் அதே டிசம்பர்தான். அதற்கப்புறம் லீவு கேட்பது கொஞ்சம் சுலபமாயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ரீவ்ஸ் நம் ஊர் வரைக்கும் எப்படி வந்தார் என்று யோசித்திருக்கிறேன். மைக்குக்கு மிக நெருக்கமாக நின்று, குரலை உயர்த்தாமல் பாடுவார். நாட்டுப்புற பாணியில் வாசிக்கும் பிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் குறைத்து, ஆர்கெஸ்ட்ரா போல வயலின் கூட்டமும் கோரஸும் சேர்த்த, கண்ட்ரியின் தலைநகரான நாஷ்வில்லின் பாணி அவருக்கு வாகாக அமைந்தது. டெக்சஸ் உச்சரிப்பு தெரியாதவர்களுக்கும் புரிந்தது. 1964 ஜூலை 31-ல் நாஷ்வில் அருகே, அவரே ஓட்டிவந்த சிறு விமானம் மழையில் சிக்கி விழுந்து இறந்தார். இரண்டு வருடம் கழித்து, 1966-ல், அவருடைய பாட்டு ஒன்று பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தது.

டொராண்டோ (ஊர் யாழ்ப்பாணம்)

எங்கட வீட்டிலும் ரீவ்ஸ்தான். நத்தார் வந்தால் அம்மம்மா அந்தக் கசெட்டைத் தவிர வேறு ஒன்றும் போட விடமாட்டா.

நான் இப்ப ட்ரக் ஓடுகிறேன். ஒன்டாரியோவில் ஏற்றி, வின்சரால் எல்லை தாண்டி, ஐ-75 நெடுஞ்சாலை பிடித்துத் தெற்கே இறங்குகிறது. ட்ரக் ஓடுகிறவன் கண்ட்ரி கேட்பதில் என்ன ரகசியம் என்று கேட்பீர்கள். சனம் எங்களை முதலில் முகத்தைப் பார்த்துத்தான் எடைபோடுகிறது.

கென்டக்கியில் ஒரு ட்ரக் ஸ்டொப்பில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சார்லி பிரைட் கேட்டுக்கொண்டிருந்தன். பக்கத்து வண்டிக்காரர், வயசான கறுப்பினத்தவர், வந்து கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு கேட்டார்: "இவர் யார் என்று தெரிந்துதான் கேட்கிறாயா?" தெரியும் என்றன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஓய்வு நேரம் முழுக்கக் கதைத்தோம்.

பிரைட் மிசிசிப்பியில் பருத்தி எடுத்த குடும்பத்துப் பிள்ளை. தகப்பன் வீட்டு வானொலியில் நாஷ்வில்லின் கண்ட்ரி நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஓப்ரியைத் தவறவிட மாட்டாராம். 1966-ல் முதல் இசைத்தட்டுகள் வந்தபோது, கம்பனி வானொலி நிலையங்களுக்கு அவருடைய படம் இல்லாமலே அனுப்பியது. கறுப்பர் என்று தெரிந்தால் போடமாட்டார்கள் என்ற பயம். அப்படித் தொடங்கியவருக்குத்தான் 1971-ல் ஆண்டின் சிறந்த கலைஞர் என்ற சி.எம்.ஏ. விருது கிடைத்தது.

அந்த ஓப்ரிக்குப் பெயர் வந்ததே 1927-ல் டீஃபோர்ட் பெய்லி மௌத் ஓர்கனில் ரயில் ஓடுகிற சத்தத்தை வாசித்துக் காட்டிய ஒரு இரவில்தான் என்பதையும் அந்த வண்டிக்காரர்தான் சொன்னார். பெய்லியும் கறுப்பர். 1941-ல் அவரை நிறுத்திவிட்டார்கள். மிச்சக் காலம் நாஷ்வில்லில் சப்பாத்து பொலிஷ் பண்ணும் கடை வைத்திருந்தார். கண்ட்ரி இசையின் ஹோல் ஒஃப் ஃபேமில் (புகழ் மண்டபத்தில்) சேர்த்தது 2005-ல், செத்து 23 வருசத்துக்குப் பிறகு. பாஞ்சோ வாத்தியமே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட சனம் கொண்டுவந்ததுதான். "இது அவர்கள் பாட்டு என்று உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டுவிட்டு அந்த மனுஷன் போய்விட்டார். ப்ளேனோ அண்ணை, அந்தப் புருவம் உயர்த்துகிற ஆளுக்கு இதைச் சொல்லுங்கோ.

கோயம்புத்தூர்

ட்ரக், பீர், நாய், ஓடிப்போன பொண்டாட்டி. இதை மறைத்து வைக்காமல் வேறென்ன செய்வீர்கள்?

நாஷ்வில், டென்னசி

கோவைக்காரர் 2010-க்குப் பிறகு ரேடியோவில் வந்ததை மட்டும் கேட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். அந்த ட்ரக் பாட்டுகளை நானும் சகித்துக்கொள்வதில்லை. 1975-ல் கருத்தடை மாத்திரையைப் பற்றி கண்ட்ரி பாடகி லொரெட்டா லின் பாடி, பல நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்த கதையெல்லாம் இவர் காதுக்குப் போயிருக்காது.

ஊரே நாஷ்வில், இதில் என்ன ரகசியம் என்றால், எங்கள் வீட்டில் நான் "பாட்டு வகுப்பு டீச்சர்". பெல்வியூ கணேசர் கோயிலில் பிள்ளைகளுக்கு கீதமும் வர்ணமும் சொல்லித் தருகிறேன். திருநெல்வேலியிலிருந்து மாமியார் வந்திருந்தபோது, வேறு வழியில்லாமல் அவரையும் ப்ளூபேர்ட் கஃபேவுக்குக் கூட்டிப் போனேன். 1982-ல் தொடங்கிய இடம், கடை வரிசைக்கு நடுவில் ஒரு சின்ன அறை. பாட்டெழுதுகிறவர்கள் நடுவில் வட்டமாக உட்கார்ந்து, முறை வைத்து, தாங்கள் எழுதியதைத் தாங்களே பாடுவார்கள். பெரிய பாடகர்கள் பிரபலமாக்கிய பாட்டுகள் எழுதியவர் வாயால் வரும். நடுவில் பேசினால் "உஷ்" என்பார்கள்.

மாமியாருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். ஆனால் ஒரு பாட்டு முடிந்ததும் என் காதில், "இவன் அப்பன் செத்ததைத்தானே பாடினான்?" என்றார். சரியாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடம், "உன் பொண்டாட்டி நல்ல இடத்துக்குத்தான் போறா. நம்ம சபாவில்கூட இவ்வளவு அமைதி கிடையாது" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார்.

கோயம்புத்தூர்

சரி, ஒன்று மட்டும் கேட்டுப் பார்க்கிறேன். எதிலிருந்து ஆரம்பிப்பது?

ப்ளேனோ, டெக்சஸ்

ஹாங்க் வில்லியம்ஸ். 29 வயதில், 1953 புத்தாண்டு அன்று, கச்சேரிக்குப் போகும் வழியில் காரின் பின்சீட்டிலேயே இறந்துபோனார். அதற்குள் எழுதிவைத்துவிட்டுப் போனதில் பாதியைக் கேட்டாலே போதும்.

பொன்மலை, திருச்சி

ஹாங்க் மூக்கால் பாடுவது புதிதாகக் கேட்பவருக்கு ஓடாது. முதலில் ரீவ்ஸ்.

ப்ளேனோ, டெக்சஸ்

வயலின் கோரஸ் வைத்த ரீவ்ஸைக் கண்ட்ரி என்றே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இதற்குத் தனி இழை போடுகிறேன், அங்கே வாருங்கள்.