அஞ்சல் சேவையகத்திற்குக் கிளாம்ஏவி போதுமா?

கேள்வி (ஜார்ஜ்டவுன், பினாங்கு):
வணக்கம். எங்கள் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் மென்பொருள் இயங்கும் உபுண்டு சேவையகத்தையும் சில விண்டோஸ் கணினிகளையும் பராமரிக்கிறேன். விலைப்பட்டியல் என்ற பெயரில் ஜிப் இணைப்புகள் அடிக்கடி வருவதால், கிளாம்ஏவி என்ற திறமூல நச்சுநிரல் தடுப்பானை நிறுவ விரும்புகிறேன். 2 ஜிபி நினைவகம் போதுமா? கணினிகளுக்கும் அதையே பயன்படுத்தலாமா?

மறுமொழி (கோலாலம்பூர்):
அஞ்சலுக்குக் கிளாம்ஏவி நல்ல தேர்வுதான்; ஆனால் 2 ஜிபி போதாது. நச்சுநிரல் அடையாளங்கள் அனைத்தையும் அதன் பின்னணிச் சேவையான கிளாம்டி நினைவகத்திலேயே வைத்திருப்பதால் அதற்கே ஏறக்குறைய 1 ஜிபி தேவைப்படும். அடையாளங்களைப் புதுப்பிக்கும் ஃபிரெஷ்கிளாம் புதியவற்றை இறக்கியதும், பழையதும் புதியதும் சிறிது நேரம் சேர்ந்தே இருப்பதால் அந்தத் தேவை இரட்டிப்பாகும். 4 ஜிபியாக உயர்த்துங்கள். இயலாவிட்டால் 'கான்கரன்ட் டேட்டாபேஸ் ரீலோட்' அமைப்பை 'நோ' என மாற்றலாம். ஆனால், அடையாளங்களின் மறுஏற்றம் முடியும்வரை அஞ்சல்கள் காத்திருக்க நேரிடும்.

விண்டோஸில் வேண்டாம். கோப்பைத் திறக்கும் கணத்திலேயே தடுக்கும் கிளாம்ஏவியின் கூறான கிளாம்ஆன்ஏசிசி லினக்ஸில் மட்டுமே இயங்குகிறது. ஆகவே, அங்கு மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரை அணைக்காமல் விடுங்கள்.

மறுமொழி (பட்டர்வொர்த்):
போஸ்ட்ஃபிக்ஸில் 'மில்டர் டிஃபால்ட் ஆக்‌ஷன்' அமைப்பு 'டெம்ப்ஃபெயில்' (தற்காலிக மறுப்பு) ஆகவே இருக்கட்டும். அதை 'அக்செப்ட்' என மாற்றினால், அஞ்சல்களைக் கிளாம்ஏவியின் சோதனைக்குக் கொடுக்கும் கிளாம்ஏவி-மில்டர் நின்றுபோன நேரத்தில் வரும் அஞ்சல்கள் சோதிக்கப்படாமலே உள்ளே போய்விடும், ஐயா. உங்கள் சிக்கல் ஜிப் கோப்புகள் என்பதால் ஒன்றை வலியுறுத்துகிறேன்: கடவுச்சொல் இட்ட ஜிப்பின் உள்ளடக்கத்தைத் தடுப்பானால் பார்க்க முடியாது. 'அலர்ட் என்கிரிப்டட் ஆர்க்கைவ்' அமைப்பை இயக்கி, அத்தகைய அஞ்சல்களைத் தனிமைப்படுத்துங்கள். பிறகு, 68 எழுத்துகள் கொண்ட தீங்கற்ற ஐகார் சோதனைக் கோப்பை வெளி முகவரியிலிருந்து அனுப்பி, அது பிடிபடுகிறதா என்று பதிவேட்டில் பாருங்கள்.