புதுப்பிப்பு: நீரில் ஊசிகளாக மாறிய கார்பமசெபைன்

வேலூரில் எங்கள் மருந்தியல் ஆய்வகத்தில் நீரில் கலக்கி இரவு முழுதும் வைத்திருந்த கார்பமசெபைன் (வலிப்பு நோய் மருந்து) தூள் ஏன் ஊசி வடிவப் படிகங்களாக மாறியது என்று முன்பு கேட்டிருந்தேன். விடையளித்த அனைவருக்கும் நன்றி.

மாசு கலந்திருக்கலாம் என்று சிலர் எழுதியிருந்தாலும், அது இருநீரேற்று வடிவமே (நீர் சேர்ந்த படிகம்), சூடாக்கி எடையிழப்பைப் பாருங்கள் என்று ஒருவர் கூறிய யோசனையே பலித்தது. காற்றில் உலர்த்திய ஊசிகளை வெப்ப எடையறி கருவியில் சூடாக்கியபோது எடை ஏறத்தாழ 13 விழுக்காடு குறைந்தது. ஒரு மருந்து மூலக்கூறுடன் இரண்டு நீர் மூலக்கூறுகள் இணைந்திருந்தால் 13.2 விழுக்காடு குறைய வேண்டும் என்பது கணக்கு.

எதிர்பாராதது வேறொன்று. நீர் படாத மூலத்தூளின் வெப்ப வரைபடத்தில் (சூடாக்கும்போது தூள் உறிஞ்சும் வெப்பத்தைக் காட்டுவது) 175, 190 டிகிரி செல்சியசுக்கு அருகில் இரண்டு உருகல் குழிகள் தோன்றின. தூளே தரக்குறைவு என்று உடன் பயிலும் நண்பர் முடிவுகட்டிவிட்டார். உண்மையில், ஒரே மருந்து பல படிக வடிவங்களில் இருக்கும்; வழக்கமாகக் கிடைக்கும் மூன்றாம் வடிவம் முதல் குழியில் உருகி, உடனே முதலாம் வடிவமாக மீண்டும் படிகமாகி, அடுத்த குழியில் உருகுகிறது.

இருநீரேற்று வடிவம் நீரற்றதைவிட மெதுவாகக் கரைவதால், மாத்திரைக்கான ஈரக் குருணையாக்கத்தில் (தூளை ஈரமாக்கிச் சிறு மணிகளாக்குதல்) நீருக்குப் பதிலாக ஐசோபுரொப்பைல் ஆல்ககாலைப் பயன்படுத்துகிறோம். ஐப்பசி மழை தொடங்குமுன் மூலத்தூளையும் சிலிக்கா ஜெல் இட்ட மூடிய கலத்துக்கு மாற்றிவிட்டோம்.