மூணு சீசன் ரீப்ளே ஒரே நேரத்தில்: எங்கே கலந்துபோகும், எப்படிப் பிரித்து வைப்பது (அனுபவப் பகிர்வு)

மஞ்சக்குப்பம் மிட்ஆஃப்:
கடலூர், புதுச்சேரி பக்கம் பழைய சீசன்களை, ஆட்டக்காரர்களின் நிஜப் புள்ளிவிவரத்தை வைத்துப் பகடையிலும் கம்ப்யூட்டரிலும் திரும்ப ஆடுகிறவர்கள் (அதுதான் ரீப்ளே) அவரவர் முறையை இங்கே எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், கணக்கும் முறையும் போதும்.

முதலில் நேரம். 1983 உலகக் கோப்பை 8 அணி, 27 ஆட்டம், இன்னிங்ஸுக்கு 60 ஓவர். முழுசாகப் போனால் ஆட்டத்துக்கு 720 பந்து. உருட்டி, ஆட்டக்காரரின் அட்டையை (எந்தப் பகடை எண்ணுக்கு என்ன முடிவு என்ற பட்டியல்) பார்த்து, ஸ்கோர் எழுதப் பந்துக்கு 12 வினாடி என்று வைத்தால் ஓர் ஆட்டம் இரண்டரை மணி நேரத்தை ஒட்டி வரும். தொடர் முடிய 65 மணி நேரம். 1927 அமெரிக்கன் லீக் பேஸ்பால் 8 அணி, தலா 154 ஆட்டம், மொத்தம் 616. ஆட்டத்துக்கு 25 நிமிஷம் என்றாலும் 256 மணி நேரம். இரண்டையும் கையால் உருட்டுவேன் என்று உட்கார்ந்தால் இரண்டும் படுத்துவிடும். கையால் பந்து பந்தாக ஒன்று, கம்ப்யூட்டரில் வேகமாக ஒன்று, நாலு நாளில் முடிகிற குட்டித் தொடர் ஒன்று. நாலாவதைத் தொடவே தொடாதீர்கள்.

ஆனால் ரீப்ளே பாதியில் நிற்பதற்கு நேரமின்மைதான் காரணம் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ஒரு சீசனின் விதி இன்னொன்றுக்குள் நுழைந்துவிடும், அதுதான் கொல்கிறது. 1983இல் பவுலருக்கு 12 ஓவர், ஐ.பி.எல்.லில் 4. நடுவில் கொஞ்ச நாள் விட்டுத் திரும்பினால் கை கடைசியாகப் பழகிய விதியைத்தான் போடும். அஞ்சாறு ஆட்டம் கழித்துக் கண்டுபிடித்தால் புள்ளிவிவரம் மொத்தமும் சந்தேகம், அதோடு மூட்டை கட்டிப் பரண் மேல்.

திருப்பாப்புலியூர் தாயக்கட்டை:
அண்ணே சொல்ற வியாதிக்கு மருந்து ஒரு துண்டுச் சீட்டுதான். ஒவ்வொரு ப்ராஜெக்ட்டோட அட்டைக் கட்டுக்கும் மேல ரப்பர் பேண்ட்ல ஒரு சீட்டு. ஆட்டத்தை நிறுத்தும்போதே எழுதணும், அப்புறம் எழுதிக்கலாம்னா எழுதவே மாட்டோம். இப்படி:

“அடுத்தது ஜூன் 18, டன்பிரிட்ஜ் வெல்ஸ், இந்தியா - ஜிம்பாப்வே. டாஸ் நிஜத்துல நடந்தபடி, இந்தியா பேட்டிங். 60 ஓவர், பவுலருக்கு 12. நீலப் பகடை பத்துகள் இடம், சிவப்பு ஒன்றுகள் இடம். வைடு பவுலர் கணக்குல வராது. அட்டவணை பதிப்பு 2.”

அவ்வளவுதான். அந்தக் கடைசி வரிதான் முக்கியம். வீட்டு விதியை (நாமளே வச்சுக்கிட்ட விதி) மாத்தினா பதிப்பு எண்ணை மாத்தணும், மாத்தினதை அடுத்த சீசன்லேர்ந்துதான் போடணும். நடு சீசன்ல பதிப்பு 3 கிடையாது, தப்புன்னு தெரிஞ்சாலும் கிடையாது.

நிறுத்துற இடம் இன்னிங்ஸ் இடைவேளை. 37ஆவது ஓவர்ல நிறுத்தினா எந்த முனையில யாரு, யாருக்கு எத்தனை ஓவர் மிச்சம்னு எல்லாம் எழுதணும். யாரும் எழுதுறதில்ல.

இன்னொண்ணு, அந்த ஜூன் 18 ஆட்டம். நிஜத்துல 17க்கு 5 போனப்புறம் கபில் 175 அடிச்சு ஸ்கோர் 266க்கு 8. ரீப்ளேல அது வராது. வரணும்னு எதிர்பார்க்கவும் கூடாது. இந்தியா லீக்லயே வெளிய போனா போகட்டும், தொடரை முடிங்க.

நெல்லித்தோப்பு நோபால்:
மேலே “வைடு பவுலர் கணக்கில் வராது” என்று இருக்கிறதே, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல பேர் சறுக்குகிற இடம் அது.

1983 இறுதி ஆட்டத்தின் ஸ்கோர்கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியா 54.4 ஓவரில் 183. கார்னர் 24, ராபர்ட்ஸ் 32, மார்ஷல் 24, ஹோல்டிங் 26, கோம்ஸ் 49, ரிச்சர்ட்ஸ் 8. கூட்டினால் 163. உதிரிகள் 20: பை 5, லெக்பை 5, வைடு 9, நோபால் 1. 163, 20, சரியாக 183. அதாவது வைடும் நோபாலும் பவுலர் கணக்கில் ஏறவே இல்லை. இன்றைய முறையில் அந்தப் பத்து ரன்னும் பவுலர்கள் தலையில் விழுந்து 173 ஆகியிருக்கும்.

இதனால் என்ன கெடும்? இன்றைய ஆட்டங்களுக்காக எழுதின எஞ்சினில் (ஆட்டத்தை ஓட்டும் கம்ப்யூட்டர் நிரல்) 1983 எகானமியை, அதாவது பவுலர் ஓவருக்குக் கொடுத்த ரன்னை, அப்படியே போட்டால், வைடும் அதற்குள் அடக்கம் என்று எஞ்சின் எடுத்துக்கொள்ளும். ஆட்டத்துக்கு ஆட்டம் பத்துப் பதினைந்து ரன் காணாமல் போகும். பேட்டிங் அட்டைதான் மோசம் என்று நினைத்து அதைப் போய்த் திருத்துவார்கள், கோளாறு இரட்டிப்பாகும். திருத்த வேண்டியது பவுலர் அட்டை. அணியின் மொத்த வைடு, நோபாலை வீசிய ஓவர்களால் வகுத்து, ஒவ்வொரு பவுலரின் எகானமியிலும் கூட்டிக்கொள்ளுங்கள். யார் எத்தனை வைடு வீசினார் என்பது பழைய கார்டில் பெரும்பாலும் இருக்காது, பொதுவாகப் பிரிப்பதே வழி.

ஒவ்வோர் இன்னிங்ஸ் முடிந்ததும் அதே கூட்டலைப் போட்டுப் பாருங்கள். பேட்டிங் மொத்தம், உதிரி, பவுலிங் மொத்தம் மூன்றும் பொருந்தாமல் அடுத்த இன்னிங்ஸைத் தொடாதீர்கள்.

வில்லியனூர் கீப்பர்:
சாதாரண ஆறு முகப் பகடை ரெண்டு போதாதா? ரீப்ளேக்குப் பத்து முகப் பகடைதான் வேணும்னு எல்லாரும் சொல்றாங்களே.

திருப்பாப்புலியூர் தாயக்கட்டை:
போதாது தம்பி. ரெண்டு பகடையை 11லேர்ந்து 66 வரைக்கும் படிச்சா 36 முடிவு, ஒவ்வொண்ணும் 2.78 சதவீதம். 60 பந்துக்கு ஒரு விக்கெட் எடுக்கிற பவுலருக்கு வேண்டியது 1.67. ஒரு கட்டத்துல விக்கெட்னு எழுதினாலே அவர் 36 பந்துக்கு ஒருத்தரைத் தூக்கிடுவார். டெஸ்ட்டு மூணு நாள்ல முடிஞ்சிடும்.

ஆறு முகத்துலயே ஆடணும்னா ரெண்டாவது உருட்டல் வேணும். ஒரு கட்டத்துல “வாய்ப்பு”ன்னு எழுது. அது விழுந்தா மறுபடி உருட்டு, 36ல 22 முடிவு விக்கெட். 22ஐ 1296ஆல வகுத்தா 1.7 சதவீதம். பத்து முகம் மூணு வாங்கினா ஆயிரத்துல 17னு நேரா எழுதிடலாம். லாரன்ஸ் ரோட்டு ஸ்டேஷனரி கடையில கேட்டு அலையாதே, ஆன்லைன்ல நிறம் நிறமா செட்டாவே வாங்கிடு.

லாஸ்பேட்டை லெக்பை:
கம்ப்யூட்டர் பக்கம் நான் சொல்கிறேன். ஐ.பி.எல். 2008 நல்ல தேர்வு: 8 அணி, 59 ஆட்டம், கிரிக்ஷீட் இணையதளத்தில் பந்துக்குப் பந்து தரவு இலவசம். சிக்கல் குறைந்த ஆட்டம் ஆடியவர்களிடம். கொல்கத்தாவின் மெக்கல்லம் 4 ஆட்டத்தில் 188, அதில் 158 முதல் நாளே வந்தது. 92 பந்தில் 188 என்றால் ஸ்டிரைக் ரேட் (100 பந்துக்கு ரன்) 204. இந்த அட்டையை 14 ஆட்டத்துக்கு விட்டால் கொல்கத்தா கோப்பையை வாங்கிவிடும்.

திருத்தம் எளிது. அவருடைய 92 பந்தோடு லீக் சராசரியில் 200 பந்தைச் சேருங்கள். சராசரி பந்துக்கு 1.3 என்று வைத்தால் 188உம் 260உம் 448, பந்து 292, ஸ்டிரைக் ரேட் 153. விக்கெட் வாய்ப்பையும் இதே மாதிரி இழுத்து வையுங்கள். சீசனில் 300 பந்துக்கு மேல் ஆடியவர்களுக்கு இது தேவைப்படாது.

அடுத்தது யார் எப்போது ஊரில் இருந்தார் என்பது. மெக்கல்லம் நியூசிலாந்தோடு இங்கிலாந்து போனார். நம் சென்னைக்கு மொஹாலியில் 116 அடித்த ஹஸ்ஸி 4 ஆட்டத்தோடு ஆஸ்திரேலிய அணிக்காக மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கிளம்பினார். ஹஸ்ஸியைக் கடைசிவரை வைத்துக்கொண்டால் அது ரீப்ளே இல்லை, ஆசை. தேதிவாரியாகப் பதினொருவர் பட்டியலை முதலிலேயே எக்செல்லில் போட்டு வையுங்கள். மழையில் கைவிடப்பட்ட டெல்லி - கொல்கத்தா ஆட்டத்தை ஆடுவதா, ஆளுக்கு ஒரு புள்ளி கொடுப்பதா என்பதையும் தொடர் தொடங்கும் முன் சீட்டில் எழுதிவிடுங்கள். புள்ளிப் பட்டியலைப் பார்த்த பிறகு எடுக்கும் முடிவு நேர்மையாக இருக்காது.

முத்தியால்பேட்டை பத்தாம் நம்பர்:
குட்டித் தொடருக்குக் கால்பந்தில் யூரோ 1984. 8 அணி, 15 ஆட்டம், பந்து பந்தாக ஒன்றும் வேண்டாம். 15 ஆட்டத்தில் 41 கோல், அணிக்கு ஆட்டத்துக்கு ஏறத்தாழ 1.4. நூறு முடிவுப் பகடையில் 1 முதல் 25 வரை கோல் இல்லை, 59 வரை ஒன்று, 83 வரை இரண்டு, 95 வரை மூன்று, 99 வரை நான்கு, 100 விழுந்தால் ஐந்து. பலமான அணிக்கு உருட்டலில் 10 கூட்டுங்கள், பலவீனமான அணிக்குக் கழியுங்கள்.

கோல் யாருடையது என்பதற்குத் தனி உருட்டல். இங்கேதான் பிளாட்டினி தொல்லை. பிரான்ஸின் 14 கோலில் 9 அவருடையது. அப்படியே போட்டால் 64 சதவீதம், மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். 35, 40க்கு இறக்குங்கள். எங்கள் ஊரில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், இருந்தாலும் அதுதான் சரி.

கூத்தப்பாக்கம் கேட்சர்:
பேஸ்பால்ல ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக், ஆப்பான்னு ரெண்டு அட்டை, பகடை விளையாட்டையும் சேர்த்து ஆடுறவங்க ஜாக்கிரதை. ஸ்ட்ராட்ல ஒரு பகடை எந்த நெடுவரிசைன்னு சொல்லும்: 1, 2, 3னா பேட்டர் அட்டை, 4, 5, 6னா பிட்சர் அட்டை. மிச்ச ரெண்டையும் கூட்டணும். ஆப்பால ரெண்டையும் கூட்டக் கூடாது, ஒண்ணு பத்துகள் இடம், ஒண்ணு ஒன்றுகள் இடம். இதுலேர்ந்து அதுக்கு மாறினா முதல் ரெண்டு இன்னிங்ஸ் கை தானா கூட்டும். ரெண்டுக்கும் வேற வேற நிறப் பகடை, வேற வேற டப்பா.

1927 ஆடுறவங்க அடிக்கடி கேக்குறது: பேப் ரூத்துக்கு 49 ஹோம் ரன்தான் வந்துச்சு, அட்டை தப்பா? இல்ல. 540 தடவை பேட் பண்ணி 60 அடிச்சவரோட அட்டையில ஏழு ஹோம் ரன் முன்ன பின்ன ஆடுறது சாதாரணம், அதுல ரெண்டு மடங்கு வரைக்கும், அதாவது 46லேர்ந்து 74 வரைக்கும் எது வந்தாலும் அட்டை ஒழுங்காத்தான் இருக்கு. திருத்தினீங்கன்னா அடுத்த சீசன்ல 80 போகும்.

அவுட் ஆஃப் தி பார்க் மாதிரி கம்ப்யூட்டர் விளையாட்டுல ஆடினா நடு சீசன்ல அப்டேட் போடாதீங்க. எஞ்சின் மாறினா முதல் பாதியும் ரெண்டாம் பாதியும் வேற வேற லீக்.

அரியாங்குப்பம் ஆஃப்ஸ்பின்:
ரஞ்சி 1987-88, தமிழ்நாடு ரயில்வேயை வென்ற வருஷம். தென் மண்டலத்தில் 6 அணி, தலா ஒரு முறை மோதினால் 15 ஆட்டம். பந்து பந்தாக முடியாது. பழைய ரஞ்சி கார்டு பலவற்றில் பேட்டர் சந்தித்த பந்து எண்ணிக்கையே இருக்காது. ஓவர் ஓவராக ஆடுங்கள். ஒரு விக்கெட்டுக்கு 60 பந்து என்றால் ஓவருக்கு 10 சதவீதம். விக்கெட் விழுந்தால் அதே ஓவருக்கு இன்னொரு உருட்டல் உண்டு என்பதால் 10ஐ 9 ஆக்குங்கள், இல்லையென்றால் மொத்தம் 11க்குப் போய்விடும். 50 பந்துக்கு ஒருவரை எடுப்பவருக்கு 12க்குப் பதில் 11.

டிரா அதிகம் வருகிறதே என்று பயந்து ரன் வேகத்தைக் கூட்டாதீர்கள். நாக் அவுட்டில் டிரா ஆனால் முதல் இன்னிங்ஸ் முன்னிலைதான் முடிவு செய்யும். அதனால் முதல் இன்னிங்ஸில் மெதுவாக ஆடுவது அந்தக் கால ரஞ்சியின் இயல்பு. புதுச்சேரியைச் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: நாம் ரஞ்சிக்குள் வந்ததே 2018-19இல்தான்.

வில்லியனூர் கீப்பர்:
சார், மழைக்காலத்துல அட்டையெல்லாம் சுருண்டுக்குதே, அதுக்கு என்ன பண்றீங்க?

நெல்லித்தோப்பு நோபால்:
கடல் காற்றுக்கு லேமினேஷன் மட்டும் போதாது, ஓரம் பிரிந்து ஈரம் உள்ளே போகும். 300 ஜி.எஸ்.எம். அட்டையில் பிரிண்ட் எடுத்து, நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஓரம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். கம்ப்யூட்டர் ரீப்ளே ஆடுகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் ஆட்டோசேவை மட்டும் நம்ப வேண்டாம். சேவ் எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் அந்தக் கோப்பே திறக்காது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் தேதியிட்ட பெயரில் தனி நகல், அதில் ஒன்று பென்டிரைவில். பழைய நகல் மூன்றுக்குக் குறையாமல் இருக்கட்டும்.