புதுப்பிப்பு: ஃபோகஸ் செய்து ஃபிரேமை நகர்த்தினால் கண் மங்குவது ஏன்

50 மிமீ லென்ஸை எஃப்/1.4 திறப்பில் வைத்து, நடு ஃபோகஸ் பாயின்ட்டால் ஆளின் கண்ணைப் பிடித்து, பிறகு கேமராவைத் திருப்பி ஃபிரேமை நகர்த்தினால் காது ஷார்ப், கண் மங்கல் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

கேமராவைத் தாழ்வாக வைத்து, முழுத் திறப்பில் புல்தரையை எடுக்கச் சொன்ன யோசனைதான் விடை தந்தது. ஷார்ப்பான புல் பட்டை நேர்கோடாக ஓடியது. அதாவது ஷார்ப்பாக விழும் பரப்பு (ஃபோகஸ் தளம்) தட்டை; கேமராவைத் திருப்பினால் அதுவும் சேர்ந்து திரும்பும். 1.5 மீட்டரில் 15 டிகிரி திருப்பினால் அந்தத் தளம் கண்ணுக்குச் சுமார் 5 செ.மீ. பின்னால் போய்விடும். எஃப்/1.4-ல் தளத்துக்கு முன்னால் கிடைக்கும் டெப்த் (ஷார்ப்பாகத் தெரியும் ஆழம்) ஃபுல் ஃபிரேமில் (35 மிமீ ஃபிலிம் அளவு சென்சார்) 4 செ.மீ.கூட இல்லை.

ஓரத்து ஏஎஃப் (ஆட்டோ ஃபோகஸ்) பாயின்ட்டை நேரே கண்ணில் வைத்ததும் தீர்ந்தது. நகர்த்தியே ஆகவேண்டுமென்றால் திறப்பைச் சுருக்கி எஃப்/2.8; அதில் டெப்த் கூடும்.

எதிர்பாராதது: பழைய 35 மிமீ லென்ஸில் பட்டை ஓரங்களில் கேமரா பக்கம் வளைந்திருந்தது. அந்த வளைவு பிழையை ஈடுகட்டுவதால் அதில் நகர்த்தினாலும் கண் தப்பிக்கிறது. கேமராவை விட்டு வெளிப்பக்கம் வளையும் லென்ஸ் என்றால் பிழை இன்னும் கூடும்.