சிறு குழந்தைகளின் மிகையான கைப்பேசிப் பழக்கம்: பொறுப்பு பெற்றோருடையதா?

மருதன்:
இரண்டு வயதுக் குழந்தை கைப்பேசியைத் தானாகத் தேடிப் போவதில்லை. அழுகையை அடக்கவும் ஒரு கிண்ணம் சோற்றை ஊட்டி முடிக்கவும் பெரியவர்களே அதைக் கையில் கொடுக்கிறார்கள். இரண்டு வயது வரை திரையே வேண்டாம், ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று இந்தியக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2021இல் வழிகாட்டியது. அதை மீறுவது குழந்தையன்று.

தேன்மொழி:
ஐயா, அந்த ஒரு மணி நேரத்திலும் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்கிறார்களே, அவர் யார்? அங்கன்வாடி மாலைக்கு முன்பே மூடிவிடுகிறது. வேலை முடிந்து வரும் தாய் அடுப்பைப் பற்றவைக்கும்போது குழந்தை காலைக் கட்டிக்கொள்கிறது. தாத்தா பாட்டி ஊரில் இருக்கிறார்கள். பெற்றோர் என்று பொதுவாக எழுதினாலும் பழி தாயின் மீதுதான் விழுகிறது. தவிர, நிலாவைக் காட்டிச் சோறூட்டியதும் கவனத்தைத் திருப்பும் வேலைதானே?

மருதன்:
இல்லை, அம்மா. நிலாவைக் காட்டுபவர் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார். அது "ம்" என்றால் பதில் சொல்கிறார், வாயை இறுக மூடினால் வயிறு நிறைந்துவிட்டது என்று அறிந்து நிறுத்துகிறார். காணொளிக்கு முன் உட்கார்ந்த குழந்தை பசியையும் நிறைவையும் உணராமல் விழுங்குகிறது. அதனோடு பேசவும் ஆளில்லை. பேச்சு வளரும் வயதில் இந்த இழப்பு சிறிதன்று.

கண்ணப்பன்:
குழந்தை அழைக்கும்போது திரையிலிருந்து தலை நிமிராத தந்தை, "போனை வை" என்று அதட்டுவதில் என்ன பயன்? குழந்தைகள் நாம் சொல்வதைவிடச் செய்வதையே பார்த்துப் பழகுகிறார்கள்.

தேன்மொழி:
உணவு வேளையைப் பற்றி மருதன் ஐயா சொல்வதை ஏற்கிறேன். எத்தனை களைப்பானாலும் அங்கே கைப்பேசி வேண்டாம். ஆனால் சமைக்கும் நேரத்துக்கு விடை கண்ணப்பன் சொன்ன இடத்தில்தான் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல், குழந்தை உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவரோடு கதை கேட்பதையும் புத்தகம் பார்ப்பதையும் பரிந்துரைத்தது. அந்தக் கதையைச் சொல்லத் தந்தைக்கும் வாய் உண்டு. அவர் மாலையில் அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்து விளையாடினால், நான் கைப்பேசியைக் கொடுக்கவேண்டிய தேவையே எழாது. அந்தப் பங்கைக் கேட்காமல் வளர்ப்பு சரியில்லை என்று மட்டும் எழுதுவதை என்னால் ஒப்ப முடியாது.