எந்தத் தாது வருஷம்?

குடும்ப வரலாற்றுக்கென்று என் வீட்டில் ஒதுக்கிய அலமாரியில் முதலில் ஏறியது புத்தகம் அல்ல, கடனுக்கு ஈடாக நிலத்தை அனுபவிக்கக் கொடுத்த ஓர் ஒத்திப் பத்திரம். அதைச் சரியாகப் படிக்கத் தெரியாமல் ஒரு மனிதர்மீது இரண்டு தலைமுறையாகப் பழி போட்டிருந்தோம். அதனால்தான் இதைப் பகிர்ந்துகொள்கிறேன்.

ராசிபுரம் பக்கம் இருந்த கிணற்று நிலம் கைவிட்டுப் போனதற்குப் பெரிய தாத்தா, அதாவது தாத்தாவின் அண்ணன்தான் காரணம், சீட்டாடித் தொலைத்துவிட்டார் என்று சொல்லிச் சொல்லியே நாங்கள் வளர்ந்தோம். ஆதாரம், பெரியப்பா எப்போதோ கைப்பட எடுத்துவைத்த பத்திர நகல். தாது வருஷம் ஐப்பசி மாதம். எழுதிக்கொடுத்தவர் பெயர் பெரிய தாத்தாவின் பெயர். தகப்பனார் பெயரும் பொருந்தியது. தாது என்றால் 1936. அப்போது அவருக்கு முப்பது வயது இருக்கும். யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

மூலப்பத்திரம் அவருடைய மகளிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். எனக்கு அத்தை முறை, எண்பதைத் தாண்டியவர். "எங்கள் அப்பா சீட்டுக்கட்டைத் தொட்டவரே இல்லை. சொன்னால் யார் கேட்டீர்கள்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. வெகுநேரம் கழித்துத் தானாகவே எழுந்துபோய், டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்துவந்து கொடுத்தார். மடிப்பு மடிப்பாக விட்டுப்போன தாள். ஓரமெல்லாம் ராமபாணப் பூச்சி துளைத்திருந்தது.

ஊரில் பழைய கர்ணம் ஒருவர் இருக்கிறார். 1980இல் அந்தப் பதவியை அரசு ஒழிக்கும்வரை ஊரின் நிலக் கணக்கு எழுதியவர். அவர் எழுத்தைப் படிக்கவே இல்லை. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "முத்திரையைப் பாருங்கள் தம்பி, ராணி தலை. 1936இல் ராணி ஏது?" என்றவர், இரண்டாம் வரியில் விரலை வைத்தார். பசலி ௧௨௮௬, அதாவது வருவாய்த்துறை ஆண்டுக் கணக்கில் 1286. தமிழ் எண் பிடிபடாததால் பெரியப்பா அந்த இடத்தை நகலில் விட்டுவிட்டிருக்கிறார். பசலியோடு 590 கூட்டினால் 1876.

அறுபது வருஷத்துக்கு ஒருமுறை தாது திரும்பி வருகிறது. எங்கள் வீட்டில் பெயர்களும் அப்படித்தான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம், பேரன் என்பதே பெயரன்தானே. தலைமுறைதோறும் அப்படியே வைத்துவந்ததால் தகப்பனார் பெயரும் சேர்ந்து திரும்பியிருந்தது. நிலத்தை ஒத்தி வைத்தவர் பெரிய தாத்தா அல்ல, அவருடைய தாத்தா. வைத்த காலம் தாது வருஷப் பஞ்சம். மழை பொய்த்து சேலம் ஜில்லா கடுமையாக அடிபட்ட காலம்.

அதன்பிறகுதான் புத்தகங்களைத் தேடினேன். லெ ஃபானு 1883இல் வெளியிட்ட சேலம் மாவட்ட மேனுவல், ரிச்சர்ட்ஸ் 1918இல் எழுதிய கெசட்டியர் இரண்டையும் சேர்த்தேன். ஒத்தி, போக்கியம், வாரம் போன்ற சொற்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி. வில்சன் 1855இல் தொகுத்த வருவாய்த்துறைச் சொல்லகராதியும் கைகொடுக்கிறது. பழைய நூல்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, எனவே செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். ஆனால் முதலில் வாங்க வேண்டியது பழைய வருஷங்களுக்கான பஞ்சாங்கம் என்றே சொல்வேன். நெல்லை, குமரிப் பக்கத்துக்காரர்கள் கொல்லம் ஆண்டுக் கணக்கையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், மாதத்தைப் பொறுத்து 824 அல்லது 825 கூட்ட வேண்டும்.

மொய் நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எங்கள் பாட்டியின் தம்பி எந்த ஊருக்குக் குடிபோனார் என்பது ஒரு கல்யாண மொய் நோட்டில்தான் கிடைத்தது. பெயருக்கு நேரே ஊர் எழுதியிருந்தார்கள்.

கிழிந்த தாளில் செலோடேப் ஒட்டாதீர்கள். வேறொரு பத்திரத்தில் நான் ஒட்டினேன். பசை மஞ்சளாக ஊறி, ஒரு சாட்சியின் கையெழுத்தே போய்விட்டது. அதை இனி மீட்க முடியாது.

தேதி தெரிந்த அன்றே அத்தையிடம் போய்ச் சொன்னேன். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்காட்டச் சொன்னார். அடுத்த வாரம் பெரியப்பா பிள்ளைகள் எல்லோரும் வந்தபோது, அவர்கள் முன்னால் இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.